வெடிமண்ணுக்கு ஒரு லோடு சாணி

செம்பியனின் வலது கையில் மூன்று விரல்கள் இருந்தன. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் அவருடைய பத்தொன்பதாவது வயதில், சைதாப்பேட்டையில் சுப்புராயன் என்பவர் வைத்திருந்த பழைய இரும்புக் கடையின் பின்பக்கத்தில் போயின. எப்படிப் போயின என்று யாராவது கேட்டால், "சுத்தியல் பட்டுச்சு" என்பார். சுத்தியல் பட்டது உண்மைதான். அது எதன்மேல் பட்டது என்பதை மட்டும் சொல்லமாட்டார்.

அப்போது அவர் அடையாற்றங்கரையில், மறைமலை அடிகள் பாலத்துக்குப் பக்கத்துக் குடிசைகளில் ஒன்றில் அம்மாவோடு இருந்தார். கடைக்கு வரும் சாமானில் பித்தளையைத் தனியாக, செம்பைத் தனியாக, ஈயத்தைத் தனியாகப் பிரிப்பது அவர் வேலை. நகரத்துக்கு வெளியே, மலையடிவாரத்தில், பட்டாளத்துக்காரர்கள் சுட்டுப் பழகுகிற மைதானம் ஒன்று இருந்தது. அங்கே சிவப்புக் கொடி ஏறினால் சுடப்போகிறார்கள் என்று அர்த்தம். கொடி இறங்கியதும் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் கோணியோடு உள்ளே போவார்கள். விழுந்து கிடந்த குண்டுகளின் உலோகம் கோணியில் ஏறி, கோணி பஸ்ஸில் ஏறி, சைதாப்பேட்டைக்கு வரும். உள்ளே வரக்கூடாது என்று மைதானத்தைச் சுற்றிப் பலகைகள் நட்டிருந்தார்கள். அந்தப் பலகைகளில் ஒன்றும் ஒருநாள் சுப்புராயன் கடைக்கு எடைக்கு வந்தது.

அப்படி வந்த கோணி ஒன்றில், முழங்கை நீளத்துக்கு ஒரு குண்டு இருந்தது. அதன் இடுப்பில் செம்பு வளையம். வளையத்தைக் கழற்றினால்தான் செம்புக் கணக்கில் சேரும். செம்பியன் குண்டைக் கால்களுக்கு நடுவே நிறுத்தி, உளி வைத்து, ஓங்கி அடித்தார். வெடித்து முடிந்த குண்டு என்றே எல்லாரும் நினைத்திருந்தார்கள். கொஞ்சம் பாக்கி இருந்தது.

சத்தம் அவருக்குக் கேட்கவில்லை. முதலாளி சுப்புராயனின் வாய் திறந்து திறந்து மூடுவது தெரிந்தது. ஏன் இவர் இப்படிக் கொட்டாவி விடுகிறார் என்று நினைத்ததாக ஞாபகம். ஆஸ்பத்திரிக்கு வந்து விசாரித்த போலீஸ்காரர், குண்டின் மூக்கில் இருந்த சின்ன மருந்து மட்டும்தான் வெடித்திருக்கிறது, உடம்பில் இருந்தது வெடித்திருந்தால் தெருவே இருந்திருக்காது என்று ஆறுதல் சொன்னார். இடது காது அதன் பிறகு அரைகுறையாகத்தான் கேட்டது. அதனால் அந்த ஆறுதலும் அரைகுறையாகத்தான் கிடைத்தது.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு ஓர் ஆள் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். பெயர் வைரவன். மைதானத்தை ஒட்டிய ஊர்க்காரர். அந்தக் கோணியைக் கொண்டுவந்து போட்டவர்.

"காலின்னு நெனச்சேன் நைனா" என்றார்.

செம்பியனின் அம்மா தூக்குச்சட்டி மூடியால் அவர் தலையில் அடித்தாள். வைரவன் தலையைத் தடவிக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். மறுபடி வந்தார். அதற்கடுத்தும் வந்தார். அம்மா அடிப்பதை நிறுத்தி, ஒருநாள் டீ வாங்கிக் கொடுத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகும் வைரவன் வருவதை நிறுத்தவில்லை. கடைசியில் தன் மகள் முத்தம்மாவைச் செம்பியனுக்குக் கட்டிக்கொடுப்பதாகச் சொன்னார்.

செம்பியனுக்கு அது பரிகாரமா பாசமா என்று புரியவில்லை. பெண் பார்க்கப் போனபோது நேராக முத்தம்மாவிடமே கேட்டார்.

"உங்கப்பா சொன்னாருன்னு ஒத்துக்கினியா? என் கைய நல்லாப் பாத்துக்கோ."

முத்தம்மா பார்த்தாள்.

"உனுக்கு எட்டு விரல் கீது. எங்க ஊர்ல ஒத்தக் கையோட கட்டிக்கினு, புள்ள பெத்துக்கினு கீறாங்க. இதுக்குப் போயி பேசறியே."

கல்யாணம் நடந்தது.

அதற்குப் பிறகு செம்பியன் சுத்தியலைத் தொடவில்லை. மீன்பாடி வண்டி ஓட்டினார், ஷேர் ஆட்டோ ஓட்டினார், மூன்று விரலால் ஸ்டியரிங் பிடிப்பதை ஆர்.டி.ஓ. ஆபீசில் மூன்று தடவை நிரூபித்தார். பிறகு எல்லாரும் குட்டியானை என்று கூப்பிடுகிற சின்ன லாரி ஒன்றை வாங்கினார். சைதாப்பேட்டை மார்க்கெட்டில் மிஞ்சுகிற அழுகல் காய்கறியை அள்ளிக்கொண்டு போய்க் கொட்டுவது நிரந்தர வேலையாயிற்று. பெருவெள்ளத்தில் ஆற்றங்கரைக் குடிசை போனது. அரசாங்கம் பெரும்பாக்கத்தில் ஏழாவது மாடியில் வீடு கொடுத்தது. ஆற்றங்கரையில் இருந்தபோது வருஷத்துக்கு ஒருமுறை வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. ஏழாவது மாடியில் குழாயிலும் வரவில்லை. தினமும் விடிகாலையில் வண்டியை எடுத்துக்கொண்டு சைதாப்பேட்டைக்கே வந்துவிடுவார்.

ஒருநாள் காலை, மார்க்கெட்டின் பின்வாசலில் அவர் முட்டைகோஸ் இலையை வாரிக்கொண்டிருந்தபோது, மூக்குக் கண்ணாடியும் கைத்தறிப் புடவையுமாக ஓர் அம்மாள் வந்து நின்றார். குனிந்து ஓர் அழுகிய கத்தரிக்காயை எடுத்து, பிதுக்கி, மோந்து பார்த்தார். நல்ல கத்தரிக்காயை அப்படிப் பார்த்து வாங்குகிறவர்கள் உண்டு.

"இது எனக்கு வேணும்" என்றார்.

"எது, அந்தக் கத்தரிக்காயா?"

"எல்லாமே. தினமும். கூடவே பசுஞ்சாணி கிடைக்குமா? காஞ்சது வேண்டாம், பச்சையா."

"கோட்டூர்புரம் பக்கம் மாட்டுக்காரங்க கீறாங்க. இன்னாத்துக்கு மேடம், தோட்டமா?"

"மண்ணைச் சுத்தம் பண்ண."

சாணியைக் கொட்டி மண்ணைச் சுத்தம் பண்ணுவதாகச் சொன்னவரைச் செம்பியன் அன்றுதான் பார்த்தார். நல்ல குடும்பத்துப் பெண்மணி, ஏதோ மனக்கஷ்டம் என்று நினைத்துக்கொண்டார்.

அவர் பெயர் ஐரின். சாந்தோம்காரர். பெயிண்ட் கம்பெனி ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு, கெட்டுப்போன மண்ணைச் சரிசெய்து கொடுக்கிற சின்ன நிறுவனம் ஒன்றில் சேர்ந்திருந்தார். ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு பழைய வீட்டின் மாடியில் அவர்களுடைய ஆய்வுக்கூடம். கீழ்வீட்டில் பரதநாட்டிய வகுப்பு நடந்தது. சாணி வாளி மாடி ஏறும்போதெல்லாம் ஜதி சொல்கிற குரல் ஒரு நொடி நின்று, மூக்கைப் பொத்திக்கொண்டு தொடரும்.

இப்படி நாலைந்து நாள் வாளியில் சாம்பிள் போன பிறகு, முழு லோடு எங்கே போகவேண்டும் என்று ஐரின் சொன்னார். மலையடிவாரத்து மைதானத்தின் பெயரைக் கேட்டதும் செம்பியன் வண்டிச் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

"அங்க நான் வரல மேடம்."

"ஏன்?"

அவர் கையைக் காட்டினார். ஐரின் அந்தக் கையை ஏற்கெனவே பார்த்திருந்தார். ஏதோ மெஷினில் சிக்கியது என்று நினைத்திருந்தார். செம்பியன் முப்பது வருஷமாக யாரிடமும் சொல்லாத கதையைச் சுருக்கமாகச் சொன்னார். கதை முடிந்ததும் ஐரின் அவரை உள்ளே கூட்டிப் போனார்.

மேசைமேல் ஒரு கண்ணாடிப் புட்டியில் அந்த மைதானத்து மண் இருந்தது. சாதாரணச் செம்மண். ஐரின் அதில் ஒரு கரண்டியை எடுத்து, நகப்பூச்சு அழிக்கிற தண்ணீர் வாசனையடித்த ஒரு திரவத்தில் போட்டுக் குலுக்கினார். வடிகட்டினார். தெளிந்து நின்றதில் வேறொரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார். புட்டிக்குள் சிவப்புப் படர்ந்தது. வெயில் காலத்தில் மயிலாப்பூரில் க்யூ நின்று குடிக்கிற ரோஸ்மில்க் போல முதலில் இளஞ்சிவப்பு, பிறகு நல்ல சிவப்பு.

"இந்தச் சிவப்புதான் வெடிமருந்து" என்றார். "பழைய குண்டுகளை எல்லாம் ஒரு பள்ளத்துல போட்டு எரிச்சிருக்காங்க. வெடிக்காதது, பாதி வெடிச்சதுன்னு கொட்டிக் கெடந்திருக்கு. இரும்பையெல்லாம் பட்டாளத்துக்காரங்களே பொறுக்கி எடுத்துட்டாங்க. மருந்து மண்ணோட கலந்துபோச்சு. அதைப் பொறுக்க முடியாது."

"வெடிக்குமா?"

"இந்த அளவுக்கு வெடிக்காது. ஆனா மழை பெஞ்சா கரைஞ்சு கீழ இறங்கும். தண்ணியோட போகும். குடிச்சா கல்லீரலுக்கு ஆகாது, ரத்தத்துக்கு ஆகாது."

"அதுக்குச் சாணி இன்னா பண்ணும்?"

"சாணியிலயும் மண்ணுலயும் கண்ணுக்குத் தெரியாத கிருமி கோடிக்கணக்குல இருக்கு. அழுகின காய்கறிதான் அதுக்குச் சோறு. வெடிமருந்து ஊறுகாய் மாதிரி. வெறும் ஊறுகாயைத் தின்னச் சொன்னா எதுவும் தின்னாது. சோத்தோட கலந்து கொடுத்தா தொட்டுக்கும்."

செம்பியன் புட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தன் விரல்களை எடுத்துக்கொண்ட பொருளின் நிறம் இதுவென்று அவருக்கு அதுவரை தெரியாது.

வீட்டுக்குப் போய் முத்தம்மாவிடம் சொன்னார்.

"உங்க ஊரு மைதானத்துக்கு சாணி ஏத்திக்கினு போவச் சொல்றாங்க."

"யாரு?"

"பட்டாளத்துல."

முத்தம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள். "அவங்க குண்டு போட்டாங்க, நீ போயி சாணி போடப் போறியா?" மறுபடி கத்தியை எடுத்தாள். "போட்டுட்டு வா. எங்கப்பா இருந்தா கூட வந்து கொட்டியிருப்பாரு."

மைதான வாசலில் விரல் ரேகை பதிகிற மெஷின் இருந்தது. காவலுக்கு நின்ற வடநாட்டு இளைஞன் இந்தியில் ஏதோ சொன்னான். பக்கத்தில் இருந்த சுபேதார் மதுரைக்காரர். அவர் தமிழில் சொன்னார்.

"வலது கை கட்டை விரலை வைங்கண்ணே."

"அது ஏற்கெனவே உங்ககிட்டதான் சார் கீது."

சுபேதாருக்குப் புரியவில்லை. செம்பியன் கையை நீட்டினார். ஐரின் இரண்டு வரியில் விஷயத்தைச் சொன்னார். சுபேதார் அந்தக் கையைப் பார்த்தார்.

"எந்த வருசம்ணே?"

"தொண்ணூத்தொண்ணு."

"நான் அப்ப அஞ்சாப்பு படிச்சுக்கிட்டிருந்தேன்" என்றார் சுபேதார், சாட்சிக் கூண்டில் நிற்பவரைப் போல.

"உங்கள சொல்லல சார்."

இடது கட்டை விரலை வைக்கலாம் என்று மேலிடத்தில் கேட்டுச் சொன்னார்கள். மெஷின் அதையும் ஏற்கவில்லை. சாணி அப்பியிருந்தது. கழுவிவிட்டு வைத்ததும் பச்சை விளக்கு எரிந்தது. அன்றிலிருந்து வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் நிரந்தரமாக இருந்தன.

உள்ளே, சிமெண்ட் தளத்தின்மேல் தடித்த பிளாஸ்டிக் விரித்து, அதன்மேல் வேலையைத் தொடங்கினார்கள். பள்ளத்து மண்ணை எடுத்து, பட்டாளத்துக்காரர்கள் கருவி வைத்துப் பார்த்து, சல்லடையில் சலித்து அனுப்புவார்கள். அதோடு செம்பியனின் காய்கறியும் சாணியும் வைக்கோலும் சேரும். பக்கத்து ஊர்ப் பெண்கள் தண்ணீர் தெளிப்பார்கள். மண்வெட்டும் இயந்திரம் வந்து புரட்டிப்போடும். ஆளுயரத்துக்கு நீளமான குவியல். நாலு நாளில் அதிலிருந்து ஆவி வந்தது. கையை உள்ளே விட்டால் சுட்டது. செம்பியன் முதல்தடவை கையை விட்டுப் பார்த்துவிட்டு, கிருமிகளுக்குக் காய்ச்சல் வந்துவிட்டதா என்று கேட்டார். சாப்பிடுகிறார்கள் என்றார் ஐரின். வாரத்துக்கு ஒருமுறை புட்டி குலுக்கிப் பார்த்தார்கள். சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது.

ஒரு புதன்கிழமை, இயந்திரம் குவியலைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, அதன் வாயிலிருந்து ஓர் இரும்பு உருண்டு வந்து விழுந்தது. வட்டமும் இல்லை, சதுரமும் இல்லை. துரு, சேறு, மேலே ஒரு முட்டைகோஸ் இலை. வண்டியில் இருந்து கூடையை இறக்கிக்கொண்டிருந்த செம்பியனுக்கும் அதற்கும் நடுவே ஒரு வண்டி நீளம்கூட இல்லை.

யாரோ விசில் ஊதினார்கள். இயந்திரக்காரர் குதித்து ஓடினார். பெண்கள் ஓடினார்கள். செம்பியன் ஓடவில்லை. ஓடவேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது, கால்களுக்குத் தெரியவில்லை. வண்டிச் சக்கரத்தில் முதுகைச் சாய்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். வலது கை தானாகப் போய் அக்குளுக்குள் ஒளிந்துகொண்டது. கேட்கிற காதுகூடக் கேட்கவில்லை. எதிரே தூரத்தில் ஐரினின் வாய் திறந்து திறந்து மூடியது.

சுபேதார் குனிந்து ஓடிவந்து, அவர் சட்டைக் காலரைப் பிடித்துத் தரையோடு இழுத்துக்கொண்டு போய் மண்மேட்டுக்குப் பின்னால் போட்டார்.

அதற்குப் பிறகு எல்லாம் விதிப்படி நடந்தது. குண்டு செயலிழக்கச் செய்கிறவர்கள் கனத்த உடுப்போடு வந்தார்கள். தூரத்திலிருந்து தொலைநோக்கியில் பார்த்தார்கள். சலித்த மண்ணிலிருந்து இத்தனை பெரிய குண்டு எப்படி வந்தது என்று அதிகாரிகள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். சல்லடையில் கோளாறு என்றால் சலித்த மண் முழுவதையும் சந்தேகப்படவேண்டும், வேலையை நிறுத்தவேண்டும். ஐரின் தன் நோட்டைத் திறந்து இதுவரை சலித்து வந்த மண்ணின் கணக்கை எண்ணத் தொடங்கினார். இரும்பைத் தொடாமல், அது இருந்த இடத்திலேயே மணல்மூட்டை அடுக்கி, பக்கத்தில் வெடி வைத்தார்கள்.

செம்பியன் காதைப் பொத்திக்கொண்டார். இந்தத் தடவை சத்தம் கேட்டது. குவியலில் பாதி வானத்துக்குப் போய், கத்தரிக்காயாகவும் சாணியாகவும் திரும்பி வந்தது. சுபேதாரின் தொப்பியில் ஒரு வெண்டைக்காய் இருந்தது. அவர் அதை எடுத்துக் கீழே போடாமல் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார், பதற்றம்.

உடைந்த துண்டுகளைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார்கள். மூன்று துண்டு. ஒன்றில் ஈயம் அடைத்து அரசாங்க முத்திரை குத்தியிருந்தது. இன்னொன்றில் 'கிகி' என்று புடைப்பாக எழுதியிருந்தது. இது எந்த நாட்டுத் தயாரிப்பு என்று தமிழ் படிக்கத் தெரியாத ஓர் இளம் அதிகாரி கேட்டார்.

செம்பியன் எட்டிப் பார்த்தார்.

"சார், இது ஷாகிரா அக்காவோடது."

"யாரு ஷாகிரா?" எல்லாருமே ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

"சைதாப்பேட்டை மார்க்கெட்ல காய் விக்கிறாங்க. ரெண்டு கிலோ எடைக்கல்லு. போன வாரத்துல இருந்து காணோம்னு பக்கத்துக் கடக்காரன்கிட்ட சண்ட போட்டுக்கினு கீறாங்க. நான்தான் குப்பையோட வாரிக்கினு வந்துட்டேன் போல."

முதலில் ஐரினுக்குத்தான் மூச்சு வந்தது. சல்லடையில் கோளாறு இல்லை. மண் சரியாகத்தான் இருக்கிறது. அவர் ஒரு சாணி மேட்டின்மேலேயே உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா என்று செம்பியன் பார்த்தார். அழுதுகொண்டிருந்தார். செம்பியனுக்குத் தன் கை இன்னும் அக்குளில் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. வெளியே எடுத்து, வேட்டியில் துடைத்துக்கொண்டார். பயங்கரமாகப் பசித்தது.

மறுநாள் மார்க்கெட்டில் ஷாகிராவிடம் விஷயத்தைச் சொன்னார்.

"உன் எடைக்கல்லு கெடச்சுதுக்கா. ஆனா பட்டாளத்துக்காரங்க அதுக்கு வெடி வச்சுட்டாங்க."

"எடைக்கல்லுக்கா?"

"ஆமா."

"ஏன், அது இன்னா பண்ணுச்சு?"

ஐரின் புதிய எடைக்கல் ஒன்று வாங்கிக் கொடுத்தார். ஷாகிரா அதைப் பக்கத்துக் கடை எலக்ட்ரானிக் தராசில் வைத்துப் பார்த்த பிறகே வாங்கிக்கொண்டார். அப்படியே, தான் திருட்டுப்பட்டம் கட்டிய பக்கத்துக் கடைக்காரருக்கு ஒரு டீயும் சொன்னார்.

அதற்குப் பிறகு மைதானத்தில் புது விதி வந்தது. மண்ணை மட்டுமல்ல, காய்கறியையும் கருவி வைத்துப் பார்த்தே உள்ளே விடவேண்டும். துப்பாக்கி ஏந்திய இரண்டு சிப்பாய்கள், தார்ப்பாயில் பரப்பிய அழுகல் தக்காளியின் மேல் உலோகம் கண்டுபிடிக்கிற கருவியை மெதுவாக ஆட்டிக்கொண்டே நடப்பார்கள். ஒரு கொத்து சாவியும், இரண்டு கரண்டியும், யாரோ ஒருவருடைய கொலுசும் கிடைத்தன. செம்பியன் அவற்றை மார்க்கெட்டில் கொண்டுபோய்க் கேட்டுக் கேட்டுக் கொடுத்தார். கொலுசுக்கு மூன்று பேர் சொந்தம் கொண்டாடினார்கள்.

குவியலை மறுபடி கூட்டினார்கள். மார்கழி பிறந்தபோது ஐரின் எல்லாரையும் கூப்பிட்டுப் புட்டியைக் குலுக்கிக் காட்டினார். சொட்டு விட்டார். நிறம் மாறவில்லை. இன்னும் ஒரு சொட்டு விட்டார். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. சுபேதார் கைதட்டினார். யாரும் கூடச் சேரவில்லை என்று தெரிந்ததும், பூச்சியை அடித்தவர் போல உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். தண்ணீர் தெளித்த பெண்களில் ஒருத்தி, "இவ்ளோதானா?" என்று கேட்டாள்.

அந்த வாரம் முத்தம்மா ஒரு பழைய பெப்சி பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்து செம்பியனிடம் கொடுத்தாள். பிறந்த வீட்டுக்குப் போய், அவர்கள் வீட்டுக் கிணற்றிலிருந்து எடுத்துவந்தது. ஊரில் பாதிப் பேர் இன்னும் அதைத்தான் குடிக்கிறார்கள்.

"உங்க மேடம்கிட்ட குடுத்துப் பாரு."

"நீயே வந்து குடு."

இரண்டு பேரும் ராஜா அண்ணாமலைபுரத்துக்குப் போனார்கள். தண்ணீருக்குச் சோதனை வேறு மாதிரி. பெரிய மெஷின் ஒன்றில் வைத்து, சாயங்காலம் வரை காத்திருக்கவேண்டும். கீழே குழந்தைகள் தத்தித் தத்தி ஆடிக்கொண்டிருந்தார்கள். முத்தம்மா மாடிப்படியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐரின் வெளியே வந்து அவள் பக்கத்திலேயே படியில் உட்கார்ந்தார்.

"இருக்கு முத்தம்மா. கொஞ்சமாத்தான். ஆனா குடிக்கற தண்ணியில அந்தக் கொஞ்சமும் இருக்கக் கூடாது."

"கல்யாணம் ஆவற வரிக்கும் அதான் குடிச்சேன்" என்றாள் முத்தம்மா. "எங்கப்பா சாவுற வரிக்கும் குடிச்சாரு. எண்பத்தி மூணு வயசு இருந்தாரு."

"எல்லாருக்கும் ஒரே மாதிரி பண்ணாது. நீங்க ஒருவாட்டி ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பாத்துடுங்க. நான் கூட வரேன்."

"கிணத்துலயும் சாணி போடுவீங்களா?"

"அது முடியாது. மேல இருக்கற மண்ணைச் சுத்தம் பண்ணா, புதுசா இறங்கறது நிக்கும். உள்ள இருக்கறது தானா கொறையணும். வருஷம் ஆகும்."

ஐரின் எழுத்தில் கொடுத்த முடிவை சுபேதார் தானே மேலிடத்துக்குக் கொண்டுபோனார். ஊர்க்கூட்டத்தில் பெரிய சத்தம் நடந்தது. இத்தனை நாள் ஏன் யாரும் சொல்லவில்லை என்று கேட்டார்கள். இத்தனை நாள் யாரும் பார்க்கவில்லை என்பதுதான் பதில். கிணற்றுக்கு வலை போட்டு மூடினார்கள். பட்டாளத்து டேங்கர் தினமும் வந்து தண்ணீர் ஊற்றியது. குழாய் பதிக்கிற வேலை தொடங்கி, பாதியில் நின்று, கூச்சல் போட்டதும் மறுபடி தொடங்கியது. கிணற்றுக்கு மேட்டுப்பக்கச் சரிவு முழுவதையும் சுத்தம் செய்ய ஐரினின் நிறுவனத்துக்கே வேலை வந்தது. முத்தம்மாவின் ரத்தப் பரிசோதனையில் கொஞ்சம் சோகை என்று மட்டும் வந்தது. முருங்கைக்கீரை சாப்பிடச் சொன்னார்கள். மார்க்கெட் குப்பையில் முருங்கைக்கீரைக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவள் காசு கொடுத்தே வாங்கினாள்.

சுத்தமான மண்ணைப் பழைய பள்ளத்திலேயே கொட்டி நிரவினார்கள். கோடை மழைக்குப் பிறகு அதில் புல் முளைத்தது. மற்ற இடத்தைவிடக் கருகருவென்று, இடுப்புயரத்துக்கு. நடுவில் நாலு பூசணிக்கொடியும் ஒரு தக்காளிச் செடியும் இருந்தன. யாரும் விதைக்கவில்லை. சைதாப்பேட்டையிலிருந்து வந்தவை.

அடுத்த வாரம் செம்பியன் லோடோடு போனபோது வாசலில் தடுத்தார்கள். மேலே சிவப்புக் கொடி பறந்தது.

"இன்னைக்குப் பயிற்சிண்ணே" என்றார் சுபேதார். "மத்தியானம் வரைக்கும் வெளிய நில்லுங்க."

"எங்க சார் சுடறாங்க?"

சுபேதார் கிழக்குப் பக்கம் காட்டினார். புல் முளைத்த இடத்துக்கு அந்தப் பக்கம்.

"அப்போ மறுபடியும் அழுக்காவுமே."

"ஆகும். இப்ப வெடிக்காததை எல்லாம் உடனே எடுத்திருவோம். முன்ன மாதிரி போட்டு எரிக்கிறதில்ல. ஆனாலும் கொஞ்சம் ஆகத்தான் செய்யும். சுடாம எப்படிண்ணே பழகறது?"

செம்பியன் முத்தம்மாவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார்.

"அப்போ உனுக்கு வேல நிரந்தரம்னு சொல்லு" என்றாள் அவள். பிறகு, "சோறு எடுத்துக்கினு போனியா?" என்று கேட்டாள்.

எடுத்துப் போயிருந்தார். வண்டி நிழலில் உட்கார்ந்து தூக்கைத் திறந்தார். சுபேதாரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மலையடிவாரத்தில் முதல் குண்டு வெடித்தது. செம்பியனின் தோள் ஒருமுறை துள்ளி அடங்கியது. அடுத்ததுக்கும் துள்ளியது. மூன்றாவதுக்கு அவர் சுபேதாரிடம் கருவாட்டுக் குழம்பை நகர்த்தி வைத்தார். வண்டியில் சாணி வெயிலில் காய ஆரம்பித்திருந்தது. பச்சையாகத்தான் வேண்டும் என்று ஐரின் சொல்லியிருந்ததால், சாப்பிட்டு முடித்ததும் எழுந்துபோய், ஈரக் கோணியை எடுத்து அதன்மேல் போர்த்தினார்.